யானை படுத்தாலும் குதிரை மட்டமா?

தொழில் நடத்துகிறவர்கள் நாலு பேர் கூடி நெருக்கடியைப் பற்றிப் பேசினால் இந்தப் பழமொழி எப்படியாவது வந்துவிடும். பெரிய கம்பெனிக்கு என்ன, ஆறு மாதம் நஷ்டம் வந்தாலும் தாங்கும். விழுகிறவன் சின்ன முதலாளிதான் என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே ஆட்களே நேரெதிராகவும் சொல்வார்கள்: சின்னக் கம்பெனி சட்டென்று திரும்பிக்கொள்ளும், பெரியதுக்கு உடம்பு வளையாது. இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் இரண்டும் சாகாமல் உலவுகின்றன.

முதலில், பெரியது தாங்கும் என்ற நம்பிக்கை. 2000 மார்ச் 17 இரவு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகெர்க்கி நகரில் இருந்த பிலிப்ஸ் சிப் தொழிற்சாலையில் மின்னல் தாக்கியதைத் தொடர்ந்து தீப்பிடித்தது. பத்து நிமிடத்துக்குள் தீ அணைந்துவிட்டது. ஆனால் சிப் செய்யும் அறைக்குள் தூசி துகள்கூட நுழையக் கூடாது. புகையும் தண்ணீரும் புகுந்ததில் உற்பத்தியில் இருந்தவை வீணாயின, அறைகளும் கெட்டன. அந்த ஆலையின் முக்கிய வாடிக்கையாளர்கள் பின்லாந்தின் நோக்கியாவும் ஸ்வீடனின் எரிக்சனும். இருவருக்கும் பிலிப்ஸ் சொன்ன செய்தி ஒன்றுதான்: ஒரு வாரம் தாமதமாகும்.

நோக்கியாவில் கொள்முதல் பிரிவினர் அதை அப்படியே நம்பி ஃபைலில் போட்டுவிடவில்லை. மேலே சொன்னார்கள். அந்தச் சிப்புகளைத் தனிக் கண்காணிப்பில் வைத்து, வாரம் ஒருமுறை விசாரித்ததை தினமும் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரத் தாமதம் பல வாரங்களாகப் போகிறது என்று மார்ச் கடைசியில் பிலிப்ஸ் ஒப்புக்கொண்டபோது, பிரச்சினை நோக்கியாவின் தலைமை நிர்வாகி யோர்மா ஒல்லிலா வரை போய்ச் சேர்ந்திருந்தது. பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் இடம் கேட்டுப் பிடித்தார்கள். வேறு சப்ளையர்களிடமும் ஆர்டர் கொடுத்தார்கள்.

எரிக்சனில் அதே செய்தி கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. கைப்பேசிப் பிரிவின் தலைவருக்கு விஷயத்தின் கனம் தெரிந்தது ஏப்ரலில்தான். அதற்குள் சந்தையில் மாற்றுச் சரக்கு மிச்சமில்லை. செலவைக் குறைக்கிறோம் என்று தொண்ணூறுகளிலேயே இரண்டாவது சப்ளையரையும் கைவிட்டிருந்தார்கள். இழந்த விற்பனை சுமார் 40 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அடுத்த ஆண்டே எரிக்சன் தன் கைப்பேசித் தொழிலை சோனியுடன் சேர்த்துக்கொண்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்தத் தீ அதை விரைவுபடுத்தியது.

இத்தனைக்கும் ஆள் எண்ணிக்கையில் எரிக்சன்தான் அப்போது பெரியது. காப்பாற்றியதோ கைவிட்டதோ அளவல்ல. விஷயம் தெரிந்தவருக்கும் முடிவெடுப்பவருக்கும் நடுவே எத்தனை மாடி என்பதுதான். நிறுவனம் வளர வளர மாடிகள் கூடும். கெட்ட செய்தி ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் மென்மையாகித்தான் மேலே போகும். தன் மேலதிகாரியிடம் நிலைமை கைமீறிவிட்டது என்று முதலில் போய்ச் சொல்ல யாருக்கு ஆசை?

இதை வைத்து நோக்கியாவைக் கதாநாயகனாக்கிவிடவும் கூடாது. பத்து நிமிடத் தீயைப் பார்த்தவுடன் ஓடிய அதே நிறுவனம், ஸ்மார்ட்போன் என்ற மெதுவான தீ ஆண்டுக்கணக்கில் எரிந்தபோது அந்த வேகத்தைக் காட்டவில்லை. 2013-இல் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்க முடிவானது. 2006-இல் திறந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரித் தகராறில் சிக்கி அந்த விற்பனையில் சேராமல் போய், 2014 நவம்பரில் மூடப்பட்டது. உச்சத்தில் அங்கே நேரடியாக வேலை பார்த்தவர்கள் சுமார் 8,000 பேர்.

பெரிய நிறுவனத்தில் எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு இருக்கும் என்பதும் பாதி நிஜம்தான். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்கை முடக்கியது. பயனர் கணக்குகளையெல்லாம் ஆளும் சர்வர்கள் உலகெங்கும் இருந்தன. ஒன்றுக்கு ஒன்று நகல் என்ற நம்பிக்கையில் தனியாக நகல் வைக்கவில்லை. எல்லாமே ஒரே அடியில் அழிந்தன, கானாவில் இருந்த ஒன்றைத் தவிர. அங்கே அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிருந்தது! மின்வெட்டைத் திட்டிப் பழகிய நமக்கு இது ஒரு விசித்திர ஆறுதல். ஆனால் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும்: பத்து நாளில் 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள் மறுபடி நிறுவப்பட்டன. நஷ்டம் 25 கோடியிலிருந்து 30 கோடி டாலர் வரை. அதை விழுங்கிவிட்டு எழுந்து நடக்கப் பண பலம் வேண்டும். பெரிய அளவு நிஜமாகவே உதவுவது இங்கேதான்.

இனி, சின்னது சட்டென்று திரும்பும் என்பது. 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானின் கரியா நகரில் ஐசின் ஆலை எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்குத் தேவையான ஒரு சின்ன வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்கு மட்டுமே. சில நாளில் டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. மீட்டவர்களில் பெரும்பாலோர் சின்னப் பட்டறைக்காரர்கள். தையல் மெஷின் செய்யும் பிரதர் நிறுவனமும் அவர்களோடு கைகொடுத்தது. வரைபடத்தை வாங்கிக்கொண்டு, விலைகூடப் பேசாமல் கடைசலில் இறங்கினார்கள். சுமார் ஒரு வாரத்தில் கார்கள் மறுபடி வெளிவந்தன. முதலாளி மெஷின் பக்கத்திலேயே நிற்கும் இடத்தில் முடிவெடுக்கக் கூட்டம் தேவையில்லை.

வேகம் சரி, மூச்சு? ஜேபி மார்கன் சேஸ் ஆய்வு நிறுவனம் 2016-இல் அமெரிக்கச் சிறு தொழில்களின் வங்கிக் கணக்குகளை அலசியது. வரவு முழுக்க நின்றால் கையிருப்பை வைத்து எத்தனை நாள் ஓட்டலாம்? நடுவில் நிற்கும் தொழிலுக்கு 27 நாள். உணவகங்களுக்கு இன்னும் குறைவு. எவ்வளவு சாமர்த்தியமான முதலாளியாக இருந்தாலும் 28-ஆம் நாள் சம்பளம் போட வேண்டுமே.

சில நெருக்கடிகளில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பலவும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நம்பியவை. கழிவுநீர் சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாட்டை ஒரு பட்டறைக்காரர் தனியாகச் செய்துவிட முடியாது. எல்லாரும் சேர்ந்து, கடன் வாங்கி, அரசிடம் உதவி கேட்டுத்தான் மீண்டார்கள்.

பெரிய நிறுவனத்தின் நெருக்கடி பெரிய நிறுவனத்தோடு முடிந்துவிடும் என்று நினைப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமான தப்பு என்பேன். பெரிய நிறுவனத்துக்குப் பணமுடை வந்தால் அது முதலில் பிடித்துவைப்பது சின்ன சப்ளையரின் பில்லைத்தான். அதாவது அதன் தாங்கும் சக்தியில் ஒரு பங்கு அடுத்தவன் பையிலிருந்து வருகிறது. சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று நம் நாட்டில் 2006-இலேயே சட்டம் வந்துவிட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டித் தரும் தொகையை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டி வரி குறைக்கலாம் என்ற விதியும் 2023-24 நிதியாண்டிலிருந்து சேர்ந்திருக்கிறது. அதன் பிறகு சில பெரிய வியாபாரிகள் இந்த விதிக்குள் வராத சப்ளையர்களாகப் பார்த்து ஆர்டரை மாற்றுகிறார்கள் என்ற புகாரும் கூடவே கிளம்பியது.