பாபநாசம் பள்ளிக்கு இணையம்: மனு எங்கே, பில் யார் தலையில்?

2025 பிப்ரவரி 1 அன்று படிக்கப்பட்ட மத்திய பட்ஜெட்டில், ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கெல்லாம் பாரத்நெட் வழியாக அகலக்கற்றை இணைப்பு தரப்படும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. மேலோட்டமாகப் படித்தவர்கள் மனதில் ‘அரசுப் பள்ளி’யும் ‘இணைப்பு’ம் மட்டும் நின்றன. ஊரகப் பகுதி என்ற நிபந்தனை நழுவிவிட்டது. பாபநாசத்துப் பள்ளிகள் சிக்கிக்கொள்ளும் இடம் அதுதான்.

பார்வைக்கு பாபநாசம் கிராமம் மாதிரிதான் இருக்கும். பொதிகை மலையடிவாரம், தாமிரபரணிப் படித்துறை, கோயில் வாசல் குரங்குகள், சற்று மேலே போனால் வனத்துறைச் சோதனைச்சாவடி. ஆனால் அரசுக் காகிதத்தில் அது விக்கிரமசிங்கபுரம் நகராட்சிக்குள் அடங்கிய ஊர். பாரத்நெட்டோ ஊராட்சிகளை நோக்கி இழுக்கப்பட்ட கம்பி. 2011-இல் வேறு பெயரில் தொடங்கியபோதே அதன் இலக்கு கிராம ஊராட்சிகள்தான். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. பக்கத்து ஊராட்சிப் பள்ளிக்கு வந்த இணைப்பைக் காட்டி ‘எங்களுக்கும் கொடுங்கள்’ என்று பாரத்நெட்டுக்கு மனு எழுதினால், அந்த மனு மேசை மேசையாகச் சுற்றிவிட்டுத் திரும்பும். அந்தத் திசையில் ஒரு தபால்தலைகூட வீணாக்க வேண்டாம்.

சட்டப்படி நகரங்களுக்கும் இடமுண்டு என்பது வேறு கதை. தொலைபேசி நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதம் ஒரு பொது நிதிக்குப் போகிறது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் சூட்டி, சேவை போதாத ஊரகப் பகுதிகளோடு நகரப் பகுதிகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஆனால் அந்த நிதியிலிருந்து திட்டங்களை எடுத்துச் செய்வது நிறுவனங்கள். ஒரு தலைமையாசிரியர் நிரப்பி அனுப்பும் படிவம் அங்கே கிடையாது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. அங்கே 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ‘ஈ-ரேட்’ திட்டத்தில் பள்ளி நிர்வாகமே தன் தேவையைப் படிவம் 470-இல் வெளியிடும். குறைந்தது 28 நாள் காத்திருந்து, வந்த விலைப்புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பிள்ளைகளின் வறுமை நிலையைப் பொறுத்துக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை கழியும். இங்கே அப்படி ஒற்றை வாசல் இல்லாததால், பள்ளி தட்ட வேண்டிய கதவு எதுவென்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

அந்தக் கதவு சமக்ர சிக்ஷா எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். நகரம், கிராமம் என்ற பேதம் இதில் இல்லை. 6 முதல் 12 வரை வகுப்புள்ள பள்ளிக்குக் கணினி ஆய்வகம் அமைக்க ஒருமுறை 6.40 லட்சம் ரூபாய் வரையும், அதை நடத்த ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2.40 லட்சம் வரையும் தர இதன் நெறிமுறை அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் ஹைடெக் லேப்களும், தொடக்கப் பள்ளிகளுக்கென அறிவிக்கப்பட்ட 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் வந்த பிறகு, இணையம் இல்லாத பள்ளி என்பது பூட்டிய பெட்டிக்குள் கணினி வைத்திருக்கும் பள்ளி என்றாகிவிட்டது.

முதல் வேலை, பள்ளிகளைப் பற்றிய தேசியத் தகவல் தொகுப்பான யுடைஸில் பள்ளியின் பதிவைத் திறந்து பார்ப்பது. பள்ளியின் 11 இலக்க எண்ணில் தொடங்கி, நகரமா ஊரகமா, எந்த நகராட்சி, மின்சாரம் உண்டா, கணினி எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கிறது. மேலே இருப்பவர்கள் பட்டியல் எடுப்பது இதிலிருந்துதான். பலர் சறுக்குவது ‘இணைய வசதி உண்டா’ என்ற கேள்வியில். ஆசிரியர் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவை முடிக்கிறாரே, அதையும் வசதியாகக் கணக்கிட்டு ‘உண்டு’ என்று தட்டிவிடுவார்கள். தட்டிய கணமே அந்தப் பள்ளி தேவைப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஆசிரியரின் சொந்த டேட்டா பள்ளியின் இணையம் ஆகாது. ‘இல்லை’ என்று போடுவது பள்ளிக்கு அவமானமும் ஆகாது. பிழை இருந்தால் வட்டார வள மையத்தில் எழுத்து மூலம் கேட்டுத் திருத்த வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த கணக்கெடுப்பிலும் அதே ‘உண்டு’தான் நிற்கும்.

கூடவே ஒரு சிறு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் பாபநாசம் இரண்டு. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் தாலுகாத் தலைமையிடம் என்பதால் இணையப் படிவங்களில் அதுதான் முந்திக்கொண்டு வரும். மாவட்டம் திருநெல்வேலி, வட்டம் அம்பாசமுத்திரம், ஊர் விக்கிரமசிங்கபுரம் என்று நிரப்பி, அஞ்சல் எண் 627-இல் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

அடுத்தது இணைப்பு. அரசுப் பள்ளிகளுக்கு இந்த வேலையைப் பெரும்பாலும் பிஎஸ்என்எல் செய்கிறது. 100 எம்பிபிஎஸ் வேகத்தைக் குறிவைத்துப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் ஏற்பாடு இது. விண்ணப்பிக்கும் முன் லைன்மேனையோ, அந்தப் பகுதியில் ஃபைபர் இழுக்கும் பங்காளரையோ கூட்டிவந்து காட்டினால், கடைசிக் கம்பத்திலிருந்து பள்ளிக் கட்டடம் எவ்வளவு தூரம் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். பள்ளியின் பெயரில் பழைய தரைவழித் தொலைபேசி இருந்ததா, அதற்குப் பாக்கி உண்டா என்பதையும் அன்றைக்கே கேட்டுக்கொள்வது நல்லது. மறந்துபோன பாக்கி புது இணைப்பு கேட்கும்போது எழுந்து வரும்.

இணைப்பு யார் பெயரில் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ‘தலைமையாசிரியர், இன்ன பள்ளி’ என்று பதவியின் பெயரில்தான் இருக்க வேண்டும். அவசரத்துக்கு ஒருவர் தன் ஆதாரையும் தன் கைபேசி எண்ணையும் கொடுத்து வீட்டு இணைப்பாக வாங்கிவிட்டால் இரண்டு இடி. ஒன்று, தனிநபர் பெயரில் உள்ள பில்லை அரசுக் கணக்கில் ஏற்றத் தணிக்கை விடாது. இரண்டு, ஜூன் மாத இடமாறுதலில் அவர் வள்ளியூருக்கோ சங்கரன்கோவிலுக்கோ போய்விட்டால் ஓடிபி அவர் கைபேசிக்குப் போகும். பள்ளி இருட்டில் நிற்கும். பள்ளிக்கென்று ஒரு சிம், ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொண்டு, லெட்டர்ஹெட்டில் கடிதம், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல், யுடைஸ் எண் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. எழுத்தரை விட்டு அனுப்பாமல் ஹெச்.எம். ஒருமுறை நேரில் போவது நல்லது.

இனிதான் நிஜமான முடிச்சு. ‘பில்லு எங்க பேர்ல வருது, துட்டு எப்ப வரும் சார்வாள்?’ என்பது வட்டார வள மையங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. மானியம் என்றதும் பணம் பள்ளிக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அப்படி வராது. மேலாண்மைக் குழுவின் இருப்பில்லாக் கணக்கில் செலவு செய்ய ஒரு வரம்பு மட்டும் ஒதுக்கப்படும். பொது நிதி மேலாண்மைத் தளத்தில் விற்பனையாளரைப் பதிந்து, பில்லை ஏற்றி, பணம் செலுத்தும் ஆணைத் தாளை அச்செடுத்துத் தலைவரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும். மார்ச் 31-க்குள் தொடாத வரம்பு ஆண்டோடு போய்விடும். ஆகவே ஒவ்வொரு மாதமும் பில் வந்த வாரத்திலேயே ஏற்றிவிட வேண்டும். பன்னிரண்டு பில்லைச் சேர்த்துவைத்து மார்ச்சில் ஏற்றுவது சாமர்த்தியமல்ல. அந்த மாதத்தில் தளமும் நெரியும், வங்கியும் நெரியும். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வருவதைப் பலர் தீர்மானத்தில் சேர்க்க மறக்கிறார்கள். தொகையை வரியுடன் எழுதினால் மறுதீர்மானம் தேவைப்படாது.

இணையக் கட்டணத்துக்கென்று தனி ஒதுக்கீடு தாமதமானால் கைவைக்க வேண்டியது ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தில். மாணவர் 100-க்கு மேல் 250 வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அதற்கு மேல் 1,000 வரை 75,000 என்பது அதன் அளவு. மின்கட்டணம், குடிநீரோடு இணையத்தையும் அந்த நெறிமுறை பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. சுண்ணாம்பும் விளக்குமாறும் வாங்கவே அது சரியாகிவிடும் என்று சொல்லும் ஹெச்.எம்.களிடம் வாதாட முடியாது. என்றாலும் ஆண்டுத் தொடக்கத்திலேயே இணையத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கித் தீர்மானம் போட்ட பள்ளி, வெயிலுக்குப் பிறகு வெள்ளையடித்துவிட்டு மிச்சத்தைத் தேடும் பள்ளியைவிட நிம்மதியாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால் இணைய ஒதுக்கீடு, பள்ளி மானியம் இரண்டும் சமக்ர சிக்ஷா என்ற ஒரே குழாயில் வருபவை. 2024-25-இல் மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தை ஒட்டிய தகராறில் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. மாநிலம் 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. டில்லியில் குழாய் அடைத்தால் பாபநாசத்தில் ரௌட்டரின் விளக்கு சிவக்கும். அதனால் வேறு ஊற்று ஒன்று வேண்டும்.

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதிதான் முதலில் எல்லோர் நினைவுக்கும் வருவது. மாதாமாதம் வரும் செலவுக்கு அவை உதவா. நிலைத்து நிற்கும் பொருளுக்குத்தான். கேபிள், ரௌட்டர், யுபிஎஸ், கணினி என்று கேட்டால் கிடைக்கும். பில் கட்டக் கேட்டால் திரும்பி வரும். நகரப் பள்ளிக்கு மட்டும் உள்ள ஓர் அனுகூலம் நகராட்சியில் இருக்கிறது. சொத்து வரியோடு வசூலாகும் கல்வி வரி, நகராட்சிக் கணக்கில் தொடக்கக் கல்வி நிதி என்று தனியாக நிற்கும். கிராமப் பள்ளிக்கு இல்லாத இந்த வாசலை நகரத்துத் தலைமையாசிரியர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. அது பெரும்பாலும் கட்டட வேலைக்குப் போகும் பணம். மின் ஒயரிங், கேபிள் பாதை, ஆய்வக அறைச் சீரமைப்பு என்று வேலையாக எழுதி, வார்டு கவுன்சிலரின் பரிந்துரையோடு ஆணையருக்கு மனு கொடுப்பதே புத்திசாலித்தனம். மாத பில்லுக்கு, 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ தளத்தில் தேவையைப் பதிந்துவிட்டு, வெளியூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்களைத் தேடிப் பிடிக்கலாம். ‘ஓராண்டு இணையக் கட்டணம்’ என்று தொகையோடு கேட்டால் கொடுப்பார்கள். ‘பள்ளி வளர்ச்சிக்கு’ என்று பொதுவாகக் கேட்டால் வாழ்த்துதான் வரும்.

கருவி பொருத்துவதில் சொல்ல அதிகமில்லை. கேபிள் கூரையோரம் தொங்காமல் பிவிசி குழாய்க்குள் போக வேண்டும். பாபநாசத்துக் குரங்குகளுக்கு அது ஊஞ்சல். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குக் கண்ணாடி இழை அசையாது, ஆனால் அதைத் தாங்கும் எஃகுக் கம்பியும் மின் அடாப்டரும் அடி வாங்கும். நல்ல எர்த் வேண்டும், சின்ன யுபிஎஸ் ஒன்று வேண்டும். ரௌட்டரை ஹெச்.எம். அறை அலமாரியில் பூட்டாமல் ஆய்வகத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகள் பார்க்கக் கூடாத தளங்களை வடிகட்டும் அமைப்பை முதல் நாளே போட வேண்டும். அமெரிக்காவில் அது இல்லாத பள்ளிக்கு இணையத்துக்கான ஈ-ரேட் சலுகையே கிடையாது.

சோதனைச்சாவடிக்கு மேலே, காரையாறு, மயிலாறு பக்கத்துக் காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. அவை இருக்கும் புலிகள் காப்பகத்துக்குள் கம்பி இழுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அங்கே கேட்க வேண்டியது ஃபைபர் அல்ல, கோபுரம். சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்காக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை அனுமதித்த 4ஜி திட்டத்தைக் குறிப்பிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்க்கும் நாளில் குடியிருப்பின் பெயரோடு மனு கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும்.