மதிலுக்குப் பின்னால் இருக்கிறது உங்கள் அடுத்த கொந்தராத்து

யாழ்ப்பாணத்தில் மலையா இருக்கிறது, தாங்குமதில் கட்ட? இப்படிக் கேட்கிற மேசன் 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டின மழையை மறந்துவிட்டார். பள்ளக்காணியில் வீடு கட்டுகிறவர்கள் வெள்ளத்துக்குப் பயந்து வளவை மூன்று, நாலு அடி மண் போட்டு உயர்த்துகிறார்கள். அந்த மண்ணை யார் பிடித்துக்கொண்டு நிற்பது? எல்லைக்கென்று கட்டின ஆறு இஞ்சிக் கல்மதில். கார்த்திகையில் அது சாய்ந்தால் பழி உங்களுக்கு. என்விகியூ சான்றிதழ் இன்று பலரிடம் உண்டு. மதிலின் பின்பக்கம் தெரிந்தவர்கள்தான் குறைவு.

1. கணக்கை நாக்கு நுனியில் வைத்திருங்கள். "வடிகால் பைப் என்னத்துக்கு, வீண் செலவு" என்பார் வீட்டுக்காரர். மதிலுக்குப் பின்னால் நாலு அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், தண்ணீர் மட்டுமே மதிலின் ஒவ்வோர் அடி நீளத்தையும் ஏறக்குறைய 225 கிலோ பாரத்தில் தள்ளும். நாலரைப் பை சீமெந்து! இரண்டு அடியென்றால் ஒரு பைக்குச் சற்றுக் கூட. உயரம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. மண்ணின் தள்ளு வேறு. நாலு அடிக்கு மேல் போனால் என்ஜினியரைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

2. மதிலை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு முக்கால் இஞ்சிச் சல்லி. அதன் அடியில் துளையிட்ட 4 இஞ்சி பைப், துளைகள் கீழ்ப்பக்கம், நூறு அடிக்கு ஓர் அடி சரிவு. வெளிநிலத்துக்குச் சற்று மேலே ஐந்தாறு அடிக்கொரு வடிதுளை. சல்லியைச் சுற்றி ஜியோடெக்ஸ்ரைல் துணி கட்டாயம். என் முதல் மதிலில் துணிக் காசை மிச்சம் பிடித்தேன். செம்மண் சல்லிக்குள் இறங்கி அடைத்து, மூன்றாம் மாரியில் மதில் வயிறு தள்ளியது. துளையை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் மண்ணையே கொட்டுகிறவர்களும் உண்டு. அது வெறும் ஷோ.

3. தண்ணீர் எங்கே போகும் என்று முதலே முடிவெடுங்கள். பக்கத்து வளவுக்குள் விட்டால் வழக்குத்தான். குடாநாட்டுக் கிணறுகளுக்கு மழைதானே ஊற்று. மதிலுக்கும் மலசலகூடக் குழிக்கும் எட்ட ஒரு குழி வெட்டி இறக்கிவிடலாம்.

4. மண் மூடினபிறகு நல்ல வேலையும் கள்ள வேலையும் ஒரே மாதிரித்தான் தெரியும். எஸ்ரிமேற்றில் வடிகாலைத் தனி வரியாகப் போடுங்கள்; விலையைக் குறைத்துக் கேட்கிற போட்டிக்காரர் எதை விட்டிருக்கிறார் என்பது அப்போது வெளிக்கும். மூடுமுன் அளவு நாடாவை வைத்துப் படமெடுங்கள். பைப்பின் மேல்முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மறுமுனையால் வருவதை வீடியோ எடுத்து, ரொறன்ரோவில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அடுத்த வேலைக்கு உங்கள் சீவி அதுதான்.

5. பெருமழை பெய்த மறுநாள் சொல்லாமல் போய்த் துளைகளைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் அதையும் படமெடுங்கள். கலங்கி வந்தால் துணி எங்கேயோ கிழிந்திருக்கலாம்; வீட்டுக்காரர் காணமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.