சீந்தில் கசாயம் உடம்புக்குள் என்ன செய்கிறது?

லயத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால், “சீந்தில் கொடியை இடிச்சுக் கசாயம் வச்சுக் குடிங்க” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சிங்களத்தில் இதற்கு ரசகிந்த என்று பெயர். பழங்காலத்து மூலிகைதான். ஆனால் அது உடம்புக்குள் என்ன செய்கிறது?

நமது இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் தோட்டத்துக் காவல்காரர் மாதிரி. அவற்றில் ஒரு வகை, உள்ளே வரும் கிருமியை அப்படியே விழுங்கிவிடும். ஆய்வுகூடத்தில் சீந்தில் சாற்றைக் கொடுத்துப் பார்த்தபோது இந்த அணுக்கள் உசாராகி, கூடுதலாக விழுங்கின.

அப்போ தினமும் குடிக்கலாமா? கூடாது. சிலருக்கு இந்தக் காவல் அணுக்கள் அளவுக்கு மிஞ்சி உசாராகி, சொந்த ஈரலையே தாக்குவதாக வைத்தியர்கள் கருதுகிறார்கள். கொரோனா காலத்தில் இந்தியாவில் பலர் சீந்திலைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள். அப்படி 2020 இல் மும்பாயில் ஈரல் பழுதான 6 பேரைப் பற்றி வைத்தியர்கள் 2021 இல் அறிவித்தார்கள்.

நினைவில் வையுங்கள்:

1. கர்ப்பிணித் தாய்மாரும், ஈரல் நோய், தைராய்டு நோய், மூட்டுவாதம் உள்ளவர்களும், சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

2. கண் மஞ்சளானால், சிறுநீர் கடும் நிறமாகப் போனால், கசாயத்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் ஏச மாட்டார்கள்; அதை வைத்துத்தான் சரியான வைத்தியம் செய்ய முடியும்.

3. காய்ச்சல் 2 நாளுக்கு மேல் இருந்தால் டெங்குவாகவும் இருக்கலாம். கசாயத்தை நம்பி வீட்டில் படுத்திருக்காமல் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.