கணனிக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பு

நுவரெலியா பஜாரிலோ ஹட்டன் நகரிலோ கணனி வைத்திருக்கும் கடைகளில் ஒரு பழக்கத்தைக் காணலாம். திரையின் ஓரத்தில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். சிட்டை அடிப்பது எப்படி, பிழையான பதிவைத் திருத்துவது எப்படி, இரவில் கணக்கை மூடுவது எப்படி என்று யாரோ எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவர் பெரும்பாலும் முதலாளியின் மகனாக இருப்பார், அல்லது மென்பொருளைப் பொருத்திவிட்டுப் போனவராக இருப்பார். அதைப் பார்த்து வேலை செய்பவரோ வேறொருவர். ஏப்ரல் சீசனுக்கு மட்டும் வந்து நிற்கும் பையனாகவும் இருக்கலாம். தோட்டங்களில் சம்பளம் போடும் நாட்களில் கடை நிறைந்திருக்கும்போது, அவர் நம்புவதற்கு அந்தத் துண்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தத் துண்டில் உள்ள விடயம் சரியாகவே இருக்கும். விசைகளை எழுதிய விதம்தான் குழப்பும். ஒரு வரியில் ‘கண்ட்ரோல் எஸ்’ என்றிருக்கும். அடுத்த வரியில் இரண்டுக்கும் இடையே ஒரு கோடு, இன்னொரு வரியில் காற்புள்ளி, கடைசியில் வெறுமனே ‘சேவ் பண்ணவும்’. நான்கும் ஒன்றுதான் என்பது எழுதியவருக்குத் தெரியும். புதியவரோ நான்கும் வேறு வேறு வேலைகள் என்று எண்ணுவார். அவர் எண்ணுவதில் தவறில்லை.

இது சின்ன விடயம் என்று நினைப்பவர்கள் டேலி கணக்கு மென்பொருளைப் பார்க்கட்டும். அதில் எப்2 விசையைத் தனியே அழுத்தினால் திகதி மாறும். ஆல்ட் விசையோடு சேர்த்து எப்2 அழுத்தினால் அறிக்கையின் காலப்பகுதியே மாறும். ஒரு பதிவு பிழைத்துவிட்டால் ஆல்ட்+எக்ஸ் அதை ரத்துச் செய்யும். வவுச்சர் கணக்கில் தன் இடத்திலேயே நிற்கும். ஆல்ட்+டி அதை அடியோடு நீக்கிவிடும். ‘பிழை என்றால் ஆல்ட் எக்ஸ் அல்லது டி’ என்று எழுதி வைத்த கடையில், மார்ச் மாதக் கணக்கு முடிவில் கணக்காய்வாளர் கேட்கும் வவுச்சரை யார் தேடிக் கொடுப்பது? மென்பொருள் ‘ஆமா, இல்லையா’ என்று ஒரு தடவை கேட்கத்தான் செய்யும். ஆனால் காசு நீட்டியபடி ஆள் நிற்கும்போது யார் நிதானித்து வாசிக்கிறார்கள்?

அதே டேலியின் ஈஆர்பி 9 பதிப்பு இதற்கென்று ஒரு ஒழுங்கை வைத்திருந்தது. திரையின் வலப்பக்கப் பொத்தான்களில் விசையின் பெயருக்குக் கீழே ஒற்றைக் கோடு இருந்தால் ஆல்ட் சேர்க்க வேண்டும். இரட்டைக் கோடு என்றால் கண்ட்ரோல். கோடு இல்லாவிட்டால் விசை மட்டும். ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும், பிறகு எந்தத் திரைக்குப் போனாலும் அதே முறைதான். எமது கடைக் குறிப்புக்கும் தேவைப்படுவது இவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விதி வகுத்திருக்கின்றன. மைக்ரோசொப்ட் தனது வழிகாட்டிகளில் சேர்த்து அழுத்தும் விசைகளுக்கு இடையே கூட்டல் அடையாளம் இடுகிறது. அப்பிள் நிறுவனம் சிறு கோடு இடுகிறது. எது சிறந்தது என்று வாதிடத் தேவையில்லை. எம்மவர்கள் பெரும்பாலும் பார்ப்பது விண்டோஸ் என்பதால் கூட்டல் அடையாளமே கண்ணுக்குப் பழகியது. ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவதற்குக் காற்புள்ளி. எக்ஸலில் நிரலின் அகலத்தை எழுத்துக்கு ஏற்பச் சரிசெய்ய ஆல்ட்+எச், ஓ, ஐ. முதல் இரண்டையும் சேர்த்து அழுத்தி, விட்டு, பிறகு மற்ற இரண்டையும் தனித்தனியே அழுத்த வேண்டும். நான்கையும் ஒரே பிடியாகப் பிடித்தால் ஒன்றும் நடக்காது. பையன் கணனி பழுது என்பான்.

அடையாளமே விசையாக வரும் இடத்தில்தான் சிக்கல் கூடுகிறது. எக்ஸலில் ஒரு வரிசையைத் தெரிவுசெய்து கண்ட்ரோலோடு கழித்தல் விசையை அழுத்தினால் அந்த வரிசை போய்விடும். இதைக் குறியாக எழுதினால் கூட்டலும் கழித்தலும் அடுத்தடுத்து நிற்கும். வாசிப்பவர் எதை அழுத்துவார்? அந்த இடத்தில் ‘கழித்தல்’ என்று சொல்லாகவே எழுதிவிடுவது நல்லது.

தமிழில் தட்டச்சுச் செய்பவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வர ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு விசைகளுக்குப் பிறகு அரைப்புள்ளி விசையையும் அழுத்த வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அங்கேதான். ‘இ’ இருப்பதோ காற்புள்ளி விசையில். குறிப்பில் வசனத்துக்குப் போட்ட காற்புள்ளியையும் விசை என்று நினைத்து அழுத்தினால் விலைப்பட்டியலில் நடுவே ஓர் ‘இ’ முளைக்கும். எம் விசையைத் தனியே அழுத்தினால் ‘அ’, ஷிப்ட் சேர்த்தால் ‘ஆ’. ஆனால் விசைகளின் மேல் ஆங்கில எழுத்துகள் வழமையாகப் பெரிய எழுத்தாகவே அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே குறிப்பில் பெரிய எம் எழுதிவிட்டு ‘ஆ’ வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஷிப்ட் தேவையென்றால் ஷிப்ட் என்று எழுத வேண்டும்.

விசையின் பெயரை மொழிபெயர்ப்பதும் வேண்டாம். எமது கடைகளில் தமிழ் வாசிப்பவரும் சிங்களம் வாசிப்பவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். விளக்கம் எந்த மொழியிலும் இருக்கட்டும். விசையின் பெயர் மட்டும் அதன் மேல் அச்சிட்டபடியே ஆங்கிலத்தில் இருந்தால், பார்த்து ஒப்பிட்டு அழுத்தலாம். ‘அழிக்கவும்’ என்று மட்டும் எழுதினால் டிலீட்டா, பேக்ஸ்பேஸா? எக்ஸலில் பத்துக் கட்டங்களைத் தெரிவுசெய்து டிலீட் அழுத்தினால் பத்தும் வெறுமையாகும், பேக்ஸ்பேஸ் அழுத்தினால் ஒன்றுதான். பழைய விலைகள் ஒன்பது அப்படியே கிடக்கும். மடிக்கணனியில் இன்னொரு தொல்லை உண்டு. சிலவற்றில் எப்2 அழுத்தினால் திரை வெளிச்சமோ சத்தமோதான் மாறும். எப்என் விசையும் சேர வேண்டும். கடையில் இரண்டு வகைக் கணனியும் இருந்தால் குறிப்பும் இரண்டாக இருக்கட்டும்.

விசைப் பெயர் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சிறு பெட்டி வரைந்துவிட்டால், எது அழுத்த வேண்டியது, எது வெறும் விளக்கம் என்பது தூரத்திலிருந்தே தெரியும். எழுதி முடித்ததும், அந்த மென்பொருளைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பின்னால் நின்று பாருங்கள். அவர் எங்கே தயங்கித் திரும்பிப் பார்க்கிறாரோ அந்த வரியைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு லெமினேட் செய்து ஒட்டுங்கள். எமது ஊர்ப் பனிக்கும் ஈரத்துக்கும் வெறும் கடதாசியில் பேனாவால் எழுதியது ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காது.