கவசத்தைத் துளைத்தால் போதுமா?

போர்க்களத்தை வரைபடத்தில் அமைத்துப் பகடை உருட்டி ஆடுவது போர் விளையாட்டு. பிரஷ்ய நாட்டுப் படை அலுவலர் ரெய்ஸ்விட்ஸ் 1824ஆம் ஆண்டில் இதனைப் படைப்பயிற்சிக்கென வெளியிட்டார். பிற்காலத்தில், பீரங்கி பொருத்திய கவச ஊர்தியாகிய டாங்கியும் இத்தகைய விளையாட்டுகளில் இடம்பெற்றது.

டாங்கியை வீழ்த்த மூன்று படிகள் உள்ளன. குண்டு இலக்கில் படவேண்டும், கவசத்தைத் துளைக்கவேண்டும், உட்புகுந்து டாங்கியைச் செயலிழக்கச் செய்யவேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு பகடை உருட்டுவோம். 4, 5, 6 விழுந்தால் வெற்றி எனின், ஒவ்வொரு படியின் நிகழ்தகவும் 1/2 ஆகும். மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது 1/8. துளைப்பது உறுதி என்னும் அளவுக்குப் பீரங்கி வலிமை பெற்றாலும், வீழ்த்தும் நிகழ்தகவு 1/4 அளவுக்கே உயரும்.

இரண்டாம் உலகப்போர் இதற்குச் சான்று. அமெரிக்க ஷெர்மன் டாங்கியில் ஐவர் பணிபுரிந்தனர். கவசம் துளைக்கப்பட்டால் உள்ளிருந்த குண்டுகள் தீப்பற்றின. 1944இல் அக்குண்டுகளை அடித்தளத்திற்கு மாற்றி, நீர் நிறைந்த உறைகளால் சூழ்ந்தனர். 1945ஆம் ஆண்டுப் படைத்துறை ஆய்வின்படி, துளைக்கப்பட்ட பழைய டாங்கிகளில் நூற்றுக்கு 60 முதல் 80 வரை எரிந்தன. புதியவற்றில் 10 முதல் 15 வரையே எரிந்தன. துளை விழுந்த பின்னரும் வீரர் உயிர்பிழைக்க வழி பிறந்தது. மூன்றாம் பகடை உணர்த்துவது இதனையே.

அருஞ்சொற்பொருள்
ஊர்தி – வாகனம்
நிகழ்தகவு – ஒன்று நிகழக்கூடிய வாய்ப்பின் அளவு

வினாக்கள்
1. டாங்கியை வீழ்த்தும் மூன்று படிகள் யாவை?
2. மூன்றாம் பகடையில் 6 விழுந்தால் மட்டுமே வெற்றி எனின், வீழ்த்தும் நிகழ்தகவு யாது?
3. நீர் உறைகள் எந்தப் படியை மாற்றின? விளக்குக.