மலேரியா கிருமியின் வேடங்கள்

கேள்வி: மலேரியா கிருமி நம் உடலில் ஓர் உருவம், கொசுவுக்குள் வேறு உருவம் எடுக்கிறதாமே! மரபணுக்களே மாறிவிடுமா?

பதில்: மாறாது. எந்த மரபணு எப்போது இயங்குகிறது என்பதில்தான் சூட்சுமம். ரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகும் ஃபால்சிபாரம் வகை மலேரியா கிருமிகளில் ஏபி2-ஜி என்ற மரபணு பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். சிலவற்றில் மட்டும் பூட்டு திறக்கும். அவை ஆண், பெண் வடிவங்களாக முதிரும். இதில் பெண் வடிவம் படுகெட்டி. கொசுவுக்குள் போனபின் தேவைப்படும் பி25, பி28 புரதங்களுக்கான ஆர்.என்.ஏ.வை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் புரதம் செய்யாது. கொசு ரத்தத்தை உறிஞ்சியதும் சூடு தணிகிறது, கொசுவின் சாந்தூரெனிக் அமிலமும் சேர்கிறது. உடனே கிருமி விழித்துக்கொள்ளும். புரத உற்பத்தியும் தொடங்கிவிடும். கொசுவுக்குத் தாவும் இந்த வடிவங்களை ஒழிக்கத்தான் மருத்துவர்கள் பிரைமாகுயின் மாத்திரையையும் சேர்த்துத் தருகிறார்கள்.