ஜெபித்தால் மாறிவிடுமா?

“உபவாச ஜெபத்தில் சரியாகிவிடும்.”

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டில் ஒரு பையன் தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்று சொன்னால் முதலில் காதில் விழுவது இதுதான். வெள்ளிக்கிழமை பாஸ்டர் வருவார். நெற்றியில் எண்ணெய் பூசி, தலையில் கைவைத்து, ‘அந்த ஆவி’யைக் கடிந்துகொள்வார். பையன் அழுவான். அந்த அழுகையையே விடுதலை என்று எடுத்துக்கொண்டு அம்மா சபையில் சாட்சி சொல்வார். பையனோ சிப்காட்டில் சனிக்கிழமை நைட் ஷிப்ட் கேட்டு வாங்கி, ஞாயிறு ஆராதனைக்கு வராமல் தூங்குவான்.

ஜெபத்தால் ஆறுதல் கிடைக்கலாம். ஈர்ப்பு மாறாது. அதை மாற்றுவதற்கென்றே 1976-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு எக்ஸோடஸ் இன்டர்நேஷனல். தான் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் மாறவேயில்லை என்று ஒப்புக்கொண்ட அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், 2013-இல் மன்னிப்புக் கேட்டார், அமைப்பும் மூடப்பட்டது.

“அப்படியானால் டாக்டரிடம் காட்டுவோம்.” நோயே இல்லாததற்கு என்ன மருந்து? உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இதைப் புரிந்துகொள்ளத் தாமே ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்டவர். 2021 ஜூன் 7-இல் ஈர்ப்பை மாற்றும் ‘சிகிச்சை’க்குத் தடை விதித்தார். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்குமீறல் என்று அறிவித்தது. திருவள்ளூர் கிளினிக்குக்கும் அது பொருந்தும்.

“அப்படியானால் சோதோம் நகரம் எதனால் அழிந்தது?” பைபிளில் எசேக்கியேல் 16-ஐ எடுத்துப் பாருங்கள். அகந்தை, வயிறு நிறைந்த சுகவாழ்வு, ஏழைக்குக் கைகொடுக்காமை என்றுதான் பட்டியல் தொடங்குகிறது. (ஏழைகள் விஷயத்தில் யாரும் உபவாசம் இருக்கக் காணோம்.) அடுத்த வசனம் ‘அருவருப்பு’ என்கிறது, இன்னதென்று சொல்லவில்லை. தன்பாலுறவு பற்றிய லேவியராகம, ரோமர் வசனங்கள் கடினமானவை. அவற்றை வாசிப்பதில் இறையியலாளர்களே இரண்டுபட்டு நிற்கிறார்கள்.

சபைகளும் அப்படித்தான். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு நீடிக்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சென்ற கிறிஸ்தவ அமைப்புகள் உண்டு. தன்பாலீர்ப்பாளர்களைத் திருச்சபை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று 2013-லேயே சொன்ன, அப்போதைய மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸும் உண்டு. 2023 டிசம்பரில் வத்திக்கான் தன்பாலின இணையருக்கு ஆசி வழங்க அனுமதித்தது. திருமணத்துக்கு அல்ல, அதைப் பூசி மெழுக வேண்டாம்.

“பெற்ற பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்க எங்களுக்கு உரிமை உண்டு.” 18 வயதுக்குப் பிறகு கிடையாது. வேலூர்ப் பக்கம் 25 வயதுப் பெண்ணை, இயல்பானவளாக மாற்றுகிறோம் என்று வீட்டார் அடைத்து வைத்தார்கள். தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். 2025 மே 22-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டதோடு, தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்புத் தரவும் உத்தரவிட்டார்கள்.